வேலைக்குத் தயார்

வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்ட பிறகுதான் கீலி தன் அப்பாவை வேலை அலுவலகத்துக்குக் கூட்டிப் போனாள். அந்தச் சத்தியம் அப்பா கெல்வின் ப்ளூர் நாற்காலியில் உட்காரும் வரைக்கும் தாங்கியது.

"வா வாத்து, உட்காரு" என்றாள் மேசைக்குப் பின்னால் இருந்த ஜானிஸ். ஸ்டோக் ஊரில் பஸ் டிரைவரிலிருந்து டாக்டர் வரை எல்லாருக்கும் எல்லாரும் செல்லமாக வாத்துதான்.

கீலி ஜூனில் கல்லூரியை முடித்துவிட்டாள். செப்டம்பரில் பிளிமத் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டும். கடலில் வாழ்கிற ஜீவராசிகளைப் பற்றிய படிப்பு. நடுவில் கிடக்கிற கோடைக்கு, வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற பணம் கிடைக்குமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

"வேலைக்குத் தயாரா இருக்கியா?" என்று கேட்டாள் ஜானிஸ்.

"தயார்."

"எது வரைக்கும்?"

"செப்டம்பர் வரைக்கும்."

"அப்ப நீ தயார் இல்ல."

"ஏம்மா, சாகிற வரைக்கும் தயார்னு எவனாவது சொல்லுவானா?" என்று கெல்வின் குறுக்கே விழுந்தார்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. சொல்லாதவங்களுக்குப் பணம் இல்ல."

கீலி மேசைக்கு அடியில் அப்பாவின் காலை மிதித்தாள். ஜானிஸ் கெட்டவள் இல்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இங்க பாரு வாத்து. பல்கலைக்கழகம் போறதா முடிவு பண்ணிட்டியா, இல்ல சும்மா ஒரு ஆசையா? முடிவுன்னா உனக்கு ஒண்ணும் கிடையாது. ஆசைன்னா குத்தமில்ல. யாருக்கு இல்ல ஆசை? எனக்குக்கூட ஸ்பெயின் போய் உட்காரணும்னு ஆசை."

"ஆசைதான்" என்றாள் கீலி.

ஜானிஸ் கம்ப்யூட்டரில் தட்டினாள். 'ஆசை: கடல்.' பிறகு நிபந்தனைகளைச் சொன்னாள். நிரந்தர வேலை எது வந்தாலும் நேர்முகத்துக்குப் போக வேண்டும். கிடைத்தால் சேர வேண்டும். வேண்டுமென்றே கோட்டை விட்டதாகத் தெரிந்தால் பணம் நிற்கும், கொடுத்ததையும் திருப்பிக் கேட்பார்கள்.

"எவன் கொடுக்கப் போறான் நிரந்தர வேலை?" என்று வெளியே வந்து சிரித்தார் கெல்வின். "இந்த ஊர்ல கல்லறைதான் நிரந்தரம்."

அடுத்த வாரமே நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. கெல்வினின் தொழிற்சாலையிலிருந்து.

அங்கே செய்வது கழிப்பறைக் கோப்பை. முப்பது வருடமாகக் களிமண் குழம்பை அச்சில் ஊற்றிக்கொண்டிருப்பவர் அவர். அந்தத் தூசியில் நுரையீரல் பாதியை அங்கேயே விட்டுவிட்டார். மாடிப்படி ஏறினால் நடுவில் ஒருமுறை நின்று ஜன்னலைப் பார்ப்பதுபோல் பாவனை செய்வார். மகள் அந்தக் கேட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு சாமியும் இல்லை, மதமும் இல்லை. இப்போது அரசாங்கமே அவளைப் பிடித்து அந்தக் கேட்டுக்குள் தள்ளுகிறது. வேலை, தண்ணீர்ச் சோதனை. சூளையிலிருந்து வந்த கோப்பையில் ஈர மரத்தூள் உருண்டைகளைப் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டு, எல்லாம் ஒழுங்காக அடித்துப் போகிறதா என்று பார்க்க வேண்டும். நாள் முழுக்க.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று இருந்தது. தொழிலாளர் தரப்பில் ஒருவர் நேர்முகத்தில் உட்கார வேண்டும் என்பது சங்கம் சண்டை போட்டு வாங்கிய உரிமை. இந்த வருடம் அந்த ஒருவர் கெல்வின்.

நேர்முகத்தன்று காலையில் ஓட்ஸ் தோசையில் பாலாடைக்கட்டியை வைத்துச் சுருட்டிக்கொண்டே இருவரும் திட்டம் போட்டார்கள்.

"நான் கெடுத்துக்கிட்டா மாட்டிக்குவேன்" என்றாள் கீலி. "அதனால ஒழுங்காத்தான் பதில் சொல்வேன். நீ வேணாம்னு சொல்லிடு. அவ்வளவுதான்."

"அந்த மேனேஜர் நம்ம ரெண்டு பேரும் யார்னு கண்டுபிடிச்சுட்டா?"

"அந்த ஃபேக்டரில கையை வீசினா ஒரு ப்ளூர் மேலதானே படும்? கேட்டா தெரியாதுன்னு சொல்லு. முக்கியமா, வாயைத் திறக்காதே. தலையை மட்டும் ஆட்டு. இப்படி." இடமும் வலமுமாக ஆட்டிக் காட்டினாள்.

கெல்வின் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று தலையாட்டிப் பழகினார்.

மேலாளர் லாங்ஃபோர்டுக்கு முப்பது வயதுகூட இருக்காது. தெற்கிலிருந்து வந்தவன். களிமண் பக்கம் வரும்போது கால்சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொள்வான். கீலி உள்ளே வந்ததும், கெல்வின் முன்பின் பார்க்காத ஒருவரைப் பார்ப்பதுபோல் அவளை முறைத்தார். அளவுக்கு மீறி முறைத்துவிட்டார். லாங்ஃபோர்டே பயந்து அவருக்கு ஒரு பிஸ்கட்டை நீட்டினான்.

"இந்த வேலையில எது முக்கியம்னு நினைக்கிற?" என்று அவளைக் கேட்டான்.

கீலி கொஞ்சம் யோசித்தாள். "போக வேண்டியது போயிடணும். திரும்பி வரக் கூடாது."

கெல்வினுக்கு பிஸ்கட் தொண்டையில் அடைத்துக்கொண்டது.

அவள் போன பிறகு லாங்ஃபோர்ட் பேனாவை மூடினான். "சுமார்தான். இந்தக் காலத்துப் பொண்ணுங்களைத் தெரியாதா? ஒரு வாரம் தாங்க மாட்டா. உழைச்சுப் பழக்கமே இல்லாத கை. வேணாம்னு எழுதிடலாமா, மிஸ்டர் ப்ளூர்?"

மேலும் கீழுமாக ஒரே ஒரு முறை தலையை ஆட்டினால் போதும். மகள் கடலுக்குப் போய்விடுவாள். பழகி வைத்தது இடம் வலம் என்பதால் கெல்வினுக்கு ஒரு கணம் குழம்பியது. அந்த ஒரு கணத்தில் 'உழைச்சுப் பழக்கமே இல்லாத கை' என்ற சொல் காதுக்குள் இறங்கி வேலையைக் காட்டிவிட்டது.

"என்னது?"

"இல்ல, கையைப் பார்த்தாலே..."

"கையா? நீ கையைப் பார்த்தியா, தம்பி? பதினாலு வயசுலேர்ந்து விடியக்காலம் பேப்பர் போட்ட கை அது. சனிக்கிழமை ஆனா மீன் வறுவல் கடையில மூட்டை மூட்டையா உருளைக்கிழங்கு தோலுரிக்கிற கை. வீட்ல ஒருத்தன் மூச்சு விட முடியாம கிடந்தப்ப, அவனைத் தூக்கி உட்கார வச்சு, துணியத் துவைச்சு, நடுவுல பரீட்சையும் எழுதின கை. ஒரு வாரம் தாங்க மாட்டாளாமே! உன்ன மாதிரி நாலு பேரைத் தூக்கிட்டுப் படியேறுவா!"

மூச்சிரைத்தது கெல்வினுக்கு.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பார்த்தாலே தெரியுது" என்றார் கெல்வின், பிஸ்கட் துகளைத் துடைத்துக்கொண்டு. "முப்பது வருஷ அனுபவம்."

லாங்ஃபோர்ட் அசந்துபோனான். "யாரைப் பத்தியும் நீங்க இவ்வளவு உறுதியா சொன்னதே இல்லையே. சரி, எடுத்துக்கலாம்."

கீலி வெளியே காரில் காத்திருந்தாள். "சொல்லிட்டியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்ன?"

கெல்வின் வண்டியைக் கிளப்பினார். சர்ச் முனை சிக்னலில் நிற்கும்போதுதான் வாய் வந்தது. "வேலை கிடைச்சிருச்சு."

"அப்பா!"

"அவன் உன்னைப் பத்தித் தப்பா பேசினான்டி."

"தப்பா பேசணும்னுதானே போனோம்!"

ஜானிஸுக்கு ஒரே சந்தோஷம். கீலியை நிறுத்திப் படம் எடுத்து, 'வேலை கிடைத்தவர்கள்' என்ற பலகையில் ஒட்டினாள். அன்றோடு பணம் நின்றது. ஆனால் தொழிற்சாலையில் மருத்துவச் சோதனை, பிறகு ஊர் முழுக்கப் பீங்கான் தொழிற்சாலைகளை மூடுகிற கோடை விடுமுறை, பிறகு சூளை பழுதுபார்ப்பு எல்லாம் போக, அவள் சேர வேண்டிய நாள் செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை என்று வந்தது. பிளிமத்தில் வகுப்பு ஆரம்பிப்பதும் அதே திங்கட்கிழமைதான்.

"அப்ப இந்தக் கோடைக்கு நான் யாரு?" என்று கேட்டாள் கீலி. "வேலையில்லாதவளா?"

"உனக்குத்தான் வேலை கிடைச்சிருச்சே."

"வேலையில இருக்கிறவளா?"

"இன்னும் சேரலையே."

"மாணவியா?"

"அது உன் ஆசை, வாத்து" என்றாள் ஜானிஸ். "வாழ்த்துகள்."

கீலி கோடை முழுக்க மீன் வறுவல் கடையில் கிழங்கு உரித்தாள். வேலை வேண்டாம் என்று இப்போதே சொன்னால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்பார்களே என்று பயம். கெல்வின்தான் வழி சொன்னார். "கம்முனு இரு. முதல் நாள் வராதவங்கள விசாரணை வச்சு நீக்கிடுவாங்க. அது அவங்க சட்டம். நீ கடலைப் போய்ப் பாரு."

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய நாள் ரயிலேற்றிவிட்டார். பெட்டியை அவரைத் தூக்க விடவில்லை அவள். ரயில் போன பிறகு, மூச்சு வாங்க நின்றவர், வரப் போகும் ரயில்களின் நேரப் பலகையை ரொம்ப நேரம் படித்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரக் கடைசியில் விசாரணை. சங்கம் வாங்கிய உரிமைப்படி அதிலும் தொழிலாளர் தரப்பில் ஒருவர் உட்கார்ந்தார்.

சாயங்காலம் கீலியே போனில் கூப்பிட்டாள். ரப்பர் பூட்ஸோடு ஏதோ பாறை மேல் நிற்கிறாளாம். பின்னால் தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்டது.

"அப்பா, பாறை முழுக்க நத்தை. இன்னிக்கு அதுங்கள எண்றதுதான் எங்க பாடம். நீ இருந்தா சிரிப்ப." அலை ஒன்று பெரிதாக விழுந்தது. "சரி, என் வேலை போச்சா?"

கெல்வின் தேநீரைக் கலக்கினார். ஏற்கனவே கலக்கியதுதான்.

"போகல."

"என்னது?"

"இன்னொரு வாய்ப்பு குடுத்திருக்காங்க. திங்கக்கிழமை வந்தா போதுமாம். உன் அளவுக்கு பூட்ஸ்கூட எடுத்து வச்சிருக்காங்க."

"ஏன்? வரவே இல்லையே நான்! ஏன்?"

"அவன் உன்னைச் சோம்பேறின்னு சொல்லிட்டான்டி."



"வாயைத் திறக்க மாட்டேன்னு சொன்னியே."

"நான் எங்க திறந்தேன்? தானா திறந்துகிச்சு."

கீலி முதலில் திட்டினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பை அடக்க முடியாமல் பாறையில் உட்கார்ந்துவிட்டாள். "இங்க சேர்ந்தாச்சு. இனி பணத்தைத் திருப்பிக் கேட்டா கேட்டுட்டுப் போகட்டும், கிழங்கு உரிச்சுக் கட்டிக்கிறேன். வேலை வேணாம்னு நாளைக்கே ஒரு கடிதம் எழுதிப் போட்டுடறேன். நீ இனிமே எந்த ரூமுக்கும் போய் உட்காராதே, புரியுதா?"

"எழுது, எழுது" என்றார் கெல்வின். இரண்டு மூச்சு விட்டார். "ஆனா நல்ல கையெழுத்துல எழுது. அந்தப் பய பார்க்கட்டும்."