மணிக்கும் அழுகைக்கும் நடுவில்

அன்று பிற்பகல் அந்த அறையில் இருந்தவர்கள்: விஸ்காம் துறை ஆசிரியர் சிங்காரவேலு. மதிப்பெண் போட வெளியிலிருந்து வந்திருந்த ஜெயசித்ரா. இயக்குநர் என்று தன் பெயரைத் திரையில் பெரிதாகப் போட்டுக்கொண்ட டோமினிக். கேமரா பிடித்த அன்புராஜ். ஒலியும் எடிட்டிங்கும் பார்த்த ஆரோக்கிய ஜெனிபர். தங்கள் முறை முடிந்துவிட்டதால் பின்வரிசையில் செல்போனை நோண்டிக்கொண்டிருந்த மற்ற மாணவர்கள். முன்வரிசை மெத்தை நாற்காலிகளில் டோமினிக்கின் பெரியப்பா சவரிராயன், பெரியம்மா ஞானசுந்தரி. கடைசி இரண்டு பேர் வராமல் இருந்திருந்தால் ஜெனிபருக்குப் பயம் இருந்திருக்காது.

சிங்காரவேலு சாரின் வழக்கம் அது. எங்கே படம் எடுத்தார்களோ அந்த ஊர் ஆள் ஒருவரைக் கூட்டி வரவேண்டும். திரையிட்டதும் முதலில் பேச வேண்டியது அவர்தான். "நம்பளே எடுத்து நம்பளே பாத்து நம்பளே கைதட்டிக்கறதுக்கு எதுக்குடா படம்?" என்பார். குறும்படத்தின் தொடக்கக் காட்சியை மட்டும் எல்லாக் குழுக்களும் எடுத்திருந்தார்கள். அதில் எது நன்றாக இருக்கிறதோ அந்தக் கதைதான் முழுப் படமாகும். மற்றவர்கள் அந்தப் படத்துக்கு லைட் தூக்குவார்கள், சோறு வாங்கி வருவார்கள். டோமினிக் யாருக்கும் சோறு வாங்கி வருகிற ஆள் இல்லை. ஊர் ஆளாகப் பெரியம்மாவை மட்டும்தான் அழைத்திருந்தான். பெரியப்பா தானாகவே சட்டை மாட்டிக்கொண்டு பைக்கில் ஏறிவிட்டார். "எனக்குத் தானடா சாவு மணி அடிச்சீங்க? நான் பாக்க வேணாமா?"

அந்த மணியை அடிக்கச் சொன்னது ஜெனிபர்தான்.

கதை சாதாரணம். திருபுவனையில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் பையன் காலையில் பஸ்ஸைத் தவறவிடுகிறான். அதற்கு முன்னால் ஒரு தெரு விழிக்க வேண்டும். வில்லியனூருக்கு அந்தப் பக்கம் ஜெனிபரும் டோமினிக்கும் பிறந்து வளர்ந்த மாதா கோயில் தெருவையே எடுத்துக்கொண்டார்கள். கேமராவோடு அன்புராஜ் ஒரு மொட்டைமாடியில் ஏறிக்கொண்டான். மணிக்கூண்டுக்குக் கீழே ரெக்கார்டரை வைத்து ஹெட்போன் மாட்டி உட்கார்ந்தாள் ஜெனிபர். பங்குச் சாமியாரிடம் முன்னமே அனுமதி வாங்கியிருந்தார்கள். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை அமல்தாஸ் வழக்கம்போல மணியை ஆட்டினார். ஹெட்போனில் அது கஞ்சி மாதிரி குழம்பி வந்தது. ஒரு ஓசை முடிவதற்குள் அடுத்தது அதன்மேல் ஏறி விழுந்தது.

"அண்ணே, ஒவ்வொண்ணா அடிங்கண்ணே. ஒரு அடி முழுசா அடங்கட்டும். அப்புறம் அடுத்தது."

"அப்டியா அடிக்கச் சொல்ற?"

"ஆமாண்ணே. அப்டி தான் வேணும்."

அமல்தாஸ் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கயிற்றைப் பிடித்தார். இப்போது ஓசை சுத்தமாக விழுந்தது. விழுந்து, அதிர்ந்து, தேய்ந்து, அடங்கிய பிறகு அடுத்தது. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்த ஊரில் மணியை அப்படி அடித்தால் ஒரே அர்த்தம்தான். ஞானஸ்நானம் வாங்கியதிலிருந்து அவளுக்குத் தெரிந்த அர்த்தம். காதை இரண்டு பஞ்சு வட்டங்களுக்குள் மூடிக்கொண்டு ரெக்கார்டரில் ஓடிய ஒலியலைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் அது மறந்துவிட்டது. நினைவு வந்து கையை ஆட்டி நிறுத்தச் சொன்னபோது தெருவில் அழுகை கிளம்பிவிட்டது.

சவரிராயன் அப்போது அரியூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். குடித்துக் குடித்து ஈரல் போயிருந்தது. பார்க்க வேண்டியவர்களை வந்து பார்த்துவிடச் சொல்லியிருந்தார்கள். அதனால் மணி யாருக்கு என்று தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. குழாயடியிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்த ஞானசுந்தரியும் கேட்கவில்லை. பிறகு விஷயம் தெரிந்து, சாமியார் கத்தி, அமல்தாஸ் கையெடுத்துக் கும்பிட்டு, எல்லாம் ஓய்ந்தது. சவரிராயன் செத்துப்போகவில்லை. மெலிந்து, மஞ்சள் கண்ணோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். 'மணி அடிச்சும் போவாதவன்' என்று கடைத்தெருவில் பட்டப்பெயர் வைத்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டார்.

அன்புராஜுக்கு ஊர் கரிக்கலாம்பாக்கம். மாதா கோயில் மணியின் கணக்கு அவனுக்கு எங்கே தெரியும்? கேமராவை நிறுத்தாமல் ஓடவிட்டிருந்தான். தெரு முழுக்க அதில் விழுந்திருந்தது. அந்த ஷாட்டை டோமினிக் பார்த்தான், அன்புராஜ் பார்த்தான். அவர்கள் பார்த்தது அழுகையை. ஜெனிபர் மட்டும்தான் கணினி முன்னால் உட்கார்ந்து அதை முன்னும் பின்னுமாக ஓட்டி ஓட்டிப் பார்த்தவள்.

முதல் மணி விழுகிறது. ஞானசுந்தரி நிற்கிறாள். இரண்டாவது. குடத்தை இடுப்பிலிருந்து எடுத்து, சிந்தாமல், தரையில் வைக்கிறாள். பக்கத்து வீட்டு வாசற்படியில் உட்கார்கிறாள். தோள் இரண்டும் இறங்குகின்றன. வாய் லேசாகத் திறந்து மூச்சு வெளியே போகிறது. கண்ணை மூடிக்கொண்டு முகத்தை வெயிலுக்குக் காட்டுகிறாள். காய்ச்சல் விட்ட குழந்தையின் முகம். நான்கைந்து விநாடிதான். பிறகு யாரோ ஓடிவரும் காலடி கேட்டதும் கண் திறக்கிறது, கை மாரில் விழுகிறது, அழுகை வருகிறது. அதுவும் பொய் அழுகை என்று சொல்ல முடியாது.

அந்த வீட்டிலிருந்து ராத்திரிகளில் வரும் சத்தத்துக்குத் தெருவே காதைப் பழக்கிக்கொண்டிருந்தது. ஞானசுந்தரியின் இடது மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது. குழாயடியில் வழுக்கிவிட்டதாக எல்லோரும் சொன்னார்கள். ஜெனிபரின் அம்மாவும் அப்படித்தான் சொன்னாள், குரலைத் தாழ்த்தி.

"அந்த நாலு செகண்ட தூக்கிடலாம்டா" என்று டோமினிக்கிடம் சொல்லிப் பார்த்திருந்தாள். "லூசா நீ? அந்த சைலன்ஸ் தான் ஷாட்டே. பெரிம்மாகிட்ட கேட்டுட்டேன், போட்டுக்கப்பா, ஊரே பாத்த அழுகை தானன்னு சொல்லிடுச்சி." ஏன் தூக்க வேண்டும் என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது? அவன் அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன் சவரிராயன். இன்று பெரியப்பாவும் வருகிறார் என்று மெசேஜ் பார்த்ததும் கல்லூரிக்கு முன்கூட்டியே வந்து, அந்த நான்கைந்து விநாடியை வெட்டி எறிந்துவிட்டு, மணிக்கூண்டு ஷாட்டை நடுவில் செருகியிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

விளக்கை அணைத்தார்கள். படம் ஓடியது. புகை, நாய், பால்காரர், மணி. மணிக்கூண்டு வந்த இடத்தில் டோமினிக்கின் தலை சட்டென்று அவள் பக்கம் திரும்பியது. அவள் திரையையே பார்த்தாள். அழுகை வந்தது. ஓடுகிற பையன். பெயர். விளக்கைப் போட்டார்கள்.

"சொல்லுங்கய்யா" என்றார் சிங்காரவேலு.

சவரிராயன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "நான் செத்தா எப்டி இருக்கும்னு உயிரோட பாத்துட்டேன். எவனுக்கு சார் கெடைக்கும்? நல்லாத் தான் அழுவுது என் பொண்டாட்டி." பின்வரிசை சிரித்தது. ஞானசுந்தரி மடியில் இருந்த பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள்.

ஜெயசித்ரா சிரிக்கவில்லை. பேனா மூடியால் மேசையைத் தட்டினாள். "சவுண்ட் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா ஒரு இடம் இடிக்குது. மணி அடிக்குது, ஒடனே அந்தம்மா அழுறாங்க. நடுவுல ஒண்ணு இருந்திருக்கணும். எடுக்கலயா, வெட்டிட்டீங்களா?"

"எடுக்கல மேம்" என்றாள் ஜெனிபர்.

"இருக்குது மேம்." டோமினிக் எழுந்துவிட்டான். காது சிவந்திருந்தது. "இவ எங்கிட்ட கேக்காம தூக்கியிருக்கா. என் லேப்டாப்ல பழைய கட் இருக்கு."

"டோமி, வேணாம்டா."

"ஏன் வேணாம்? சொல்லு. எல்லார் முன்னாடியும் சொல்லு."

சொன்னால், வெட்டியதை அவளே திரும்ப ஒட்டிக் காட்டியது போலாகிவிடும். ப்ரொஜெக்டர் வயரைப் பிடுங்கி எறியலாமா என்று நினைத்தாள். கை வயர்மேல் போய் நின்றது. அன்புராஜ் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாடி ஆச்சு ஒனக்கு?" என்று மெதுவாகக் கையை விலக்கி, வயரை டோமினிக்கின் லேப்டாப்பில் சொருகினான்.

மறுபடியும் இருட்டு. மணி. நிற்பவள். குடம். வாசற்படி. வெயிலில் உயர்ந்த அந்த முகம் சுவர் அகலத்துக்கு விரிந்தது. கணினித் திரையில் உள்ளங்கை அளவு இருந்த முகம். இவ்வளவு பெரிதாக ஜெனிபரும் அதைப் பார்த்ததில்லை.

"நிறுத்துங்க. அங்கயே" என்றாள் ஜெயசித்ரா. முகம் சுவரில் நின்றது. அவள் குரலில் இப்போது வகுப்பெடுக்கும் உற்சாகம் வந்திருந்தது. "இதை ஒருத்தர் வெட்டுவாங்களா? இதான் உங்க ஓப்பனிங். பின்னாடி இருக்கறவங்க ஃபோனை வெச்சிட்டுப் பாருங்க. இந்த முகத்துல இன்னா இருக்கு? ஒரு வார்த்தையில சொல்லுங்க."

"ஷாக்" என்றான் ஒருவன்.

"ஷாக்ல தோள் எறங்குமா? நல்லா பாருங்க."

"நிம்மதி மேம்." ராஜேஷ். எப்போதும் எதையும் சரியாகச் சொல்லாதவன்.

"கரெக்ட்" என்றாள் ஜெயசித்ரா. சொன்ன பிறகுதான் அவளுக்கு முன்வரிசை நினைவுக்கு வந்தது போலிருந்தது. பேனா மூடி நின்றது. சிங்காரவேலு தொண்டையைச் செருமி விளக்கைப் போடச் சொன்னார். யாரும் எழுந்து போடவில்லை.

"இன்னொரு வாட்டி போடுப்பா" என்றார் சவரிராயன்.

டோமினிக் பெரியப்பாவைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். அவனுக்கு இப்போதுதான் ஏதோ எட்டத் தொடங்கியிருந்தது. "பெரிப்பா, போதும்..."

"போடுடான்றேன்."

போட்டான். சவரிராயன் நீட்டியிருந்த காலை மடக்கி, முழங்கையை முட்டியில் ஊன்றி, முன்னால் குனிந்து பார்த்தார். முடிந்ததும் பக்கத்தில் திரும்பி மனைவியைப் பார்த்தார். சுவரில் இருந்த முகத்துக்கும் நாற்காலியில் இருந்த முகத்துக்கும் ஒற்றுமை தேடுகிறவர் போல.

யாரும் கேட்காமலே ஞானசுந்தரி பேசினாள். ஜெயசித்ராவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"கொடம் கனமா இருந்துச்சிம்மா. எறக்கி வெச்சேன். அவ்ளோ தான்."

அதன் பிறகு என்ன பேசினார்கள் என்பது ஜெனிபருக்குப் பாதிதான் காதில் ஏறியது. முழுப் படம் டோமினிக் குழுவுக்குத்தான் என்றார் சிங்காரவேலு. பின்வரிசை கைதட்டியது, கொஞ்சம் தாமதமாக. டோமினிக் கைதட்டலுக்கு நடுவே லேப்டாப்பை மூடினான்.

சவரிராயன் டோமினிக்கின் பைக்கில் ஏறினார். ஞானசுந்தரி அந்தப் பக்கம் போகவில்லை. நேராக ஜெனிபரின் ஸ்கூட்டியில் வந்து ஒருபக்கமாக உட்கார்ந்தாள். நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பக்கவாட்டில் போகும்போது ஸ்கூட்டியின் பின்கம்பியைப் பிடித்திருந்தாள். ஊர்ச் சாலையில் திரும்பியதும் ஜெனிபரின் தோளில் கையை வைத்தாள். திரும்பாத மணிக்கட்டு உள்ள கை.

"நீ எதுக்குடி அத வெட்டுன?"

"தெரிஞ்சிடும்னு தான் அத்த."

"யாருக்கு?"

"மாமாவுக்கு."

பின்னால் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா இருமலா என்று ஜெனிபருக்குப் பிடிபடவில்லை. "அந்தாளுக்குத் தெரியாதா? இத்தினி வருசமா அவனுக்குத் தெரியும். எனக்குத் தான் தெரியாம இருந்துச்சி. அழுதேன் அழுதேன்னு தான் நானும் நெனச்சிகினு இருந்தேன்."

"இன்னிக்கு எங்க வூட்ல வந்து இருங்க அத்த. அம்மா ஒண்ணும் சொல்லாது."

"உன் அம்மா தான? குழாயடில வழுக்கிடுச்சின்னு சொன்னவ தான?" கை தோளிலிருந்து எடுக்கப்பட்டது. "நேரா போ. என் வூட்டுக்கே போ."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பைக் இன்னும் வரவில்லை. ஞானசுந்தரி இறங்கி, சேலையை உதறி, இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள். அப்போது தெருமுனையில் பைக் திரும்பியது. டோமினிக் வேகத்தைக் குறைத்து, அரைகுறையாக நிறுத்தினான். இன்ஜினை அணைக்கவில்லை. சவரிராயன் அவன் தோளைப் பிடித்து ஒரு காலை ஊன்றி, மூச்சு வாங்கி, இன்னொரு காலைத் தூக்கினார். எதிர்வீட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பவுனம்மாள், "சினிமா பாத்துட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள்.

சவரிராயன் வாசலை நோக்கி நடந்தார். அவசரமில்லாத நடை. செருப்பை எங்கே விடலாம் என்று பார்க்கிறவர் போலத் தலை குனிந்திருந்தது. வலது கை விரல்கள் மட்டும் மடங்கி விரிந்து மடங்கிக்கொண்டிருந்தன. ஜெனிபர் ஸ்கூட்டியை ஸ்டாண்டு போட்டாள். அவரை முந்திக்கொண்டு போவதா, டோமினிக்கைக் கூப்பிடுவதா என்று தெரியாமல் நின்றாள். "டோமி" என்றாள். அவன் ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞானசுந்தரி நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்று, புருஷன் நடந்து வருவதைப் பார்த்தாள். அவர் படியில் கால் வைக்கிறவரைக்கும் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். அவர் படியில் நிற்கவே, அவள் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. மேல்தாழ்ப்பாள் விழுந்தது. சற்றுப் பொறுத்து, கீழ்த்தாழ்ப்பாளும்.