ராசாவின் முதுகில் சம்மனசு

1

இந்தக் கதை என் வாய்க்கொழுப்பில் பிறந்தது. தொடக்கம்தான் வரமாட்டேன் என்றது.

"வாவியில் மீன்கள் பாடும் ஓர் இரவில்…" (அடித்துவிட்டேன். மட்டக்களப்பில் எல்லாக் கதையும் மீன் பாடித்தான் தொடங்குகிறது.)

"மீனின் வாயில் ஒரு காசு…" (இது வேதாகமத்திலேயே இருக்கிறது. பங்குச் சுவாமி பிடித்துவிடுவார்.)

சரி, அலங்காரமில்லாமல் சொல்கிறேன். 1961இல், வாவிக்கரைச் சேற்றில் மட்டி பொறுக்கிய செபஸ்தியம்மாவின் கையில் ஒரு பழைய தங்கக்காசு தட்டுப்பட்டது.

2

மகள் லூர்துவின் தாலிக்குப் பொன் இல்லாமல் அவள் அலைந்துகொண்டிருந்த நேரம் அது. காசைக் கழுவினாள். ஒரு பக்கம் இலைமுடி சூடிய ராசா. மறுபக்கம் தேவதூதரைப்போல் சிறகு விரித்த ஓர் உருவம்.

"சம்மனசு! மாதா கண் திறந்திட்டா!"

களுவாஞ்சிக்குடித் தட்டார் கனகசிங்கத்திடம் ஓடினாள். "உருக்க வேணாம் தம்பி. வளையம் வச்சு இதையே தாலியாக்கித் தாங்க."

அங்கே மனைவியின் தோட்டைத் திருத்த வந்திருந்த ஒரு வாத்தியார் மூக்கை நுழைத்தார். (நான்தான். இந்தப் பாத்திரத்தை நம்பாதீர்கள். ஒரு புத்தகத்தில் பாதி வாசித்தவன்.)

"இது உரோமாபுரிக் காசு அம்மா. இவள் சம்மனசு இல்ல, அவங்கட வெற்றித் தேவதை. இந்த ராசா கிறிஸ்துவை நம்பின வேதக்காரரைச் சிங்கத்துக்குப் போட்டவன்."

"ஐயோ! என்ட புள்ளட நெஞ்சில அந்தப் படுபாவிட மூஞ்சி உரசுறதா?"

3

முடிவு ஒன்று: உருக்குவது. கனகசிங்கம் உலையை ஊதினார்.

"சம்மனசை நெருப்பில போடவா? மாட்டன்" என்றாள் செபஸ்தியம்மா.

"அது சம்மனசு இல்லையே" என்றேன்.

"மாஸ்டர் சம்மனசைக் கண்டிருக்கிறீங்களோ?"

(இதற்கு நான் எழுதிய பதில்: "உண்மையில், வரலாற்று நோக்கில்…" அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: ராசாவை அரத்தால் தேய்த்தெடுப்பது. எனக்குப் பிடித்த முடிவு. கனகசிங்கம் அரத்தை எடுத்தும்விட்டார். செபஸ்தியம்மா காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"இந்தப் பாவிட முதுகிலயும் ஆண்டவர் ஒரு சம்மனசை வச்சிருக்காரே. அவனத் தேய்க்க நான் ஆரு?"

4

வேண்டுமானால் நான் வாய் திறந்த இடத்தையே அடித்துவிடுகிறேன் என்றேன்.

"எழுதினத அழிப்பீங்க. கேட்டத?" என்றாள்.

ஆகவே காசுக்கு வளையம் வைத்தாயிற்று. கோயில் மணியும் அடித்தாயிற்று. எந்தப் பக்கம் நெஞ்சில் படுவது என்று மாப்பிள்ளை கேட்கிறான். செபஸ்தியம்மா என்னைப் பார்க்கிறாள். நான் இனி வாய் திறப்பதாக இல்லை.

நீங்கள்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் சீக்கிரம், லூர்து கழுத்தை நீட்டியபடி நிற்கிறாள்.