பின்கதவால் வேலைக்கு வந்த மாப்பிள்ளை

ஜெஸ்மீர் கல்யாணம் முடித்த வருஷம்தான் யுத்தமும் முடிந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று அவன் சொல்வான். சம்பந்தம் இருந்தது. சண்டை ஓய்ந்த கையோடு சாய்ந்தமருதில் அவர்களுடைய தெருவுக்கு வேக இணையம் வந்தது. அது வந்த தைரியத்தில்தான், கொழும்பில் மருந்துக்கடைகளுக்குக் கணினிக் கணக்கு அமைத்துக் கொடுக்கும் கம்பனியில் வேலை பார்த்த அவன், மேலாளர் புண்ணியமூர்த்தியின் மேசைக்கு முன்னால் போய் நின்று, "சேர், நான் ஊர்ல இருந்தே வேலை செய்யிறனே" என்று கேட்டான்.

கேட்காமல் இருக்கவும் முடியாது. எங்கள் கரையில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வீடு பெண்ணுடையது. மனைவி ஹஸ்மியாவின் பழைய வீட்டைச் சுனாமிக் கடல் வழித்துத் துடைத்துக்கொண்டு போன பிறகு, அவளுடைய வாப்பா கச்சிமுகம்மது இரண்டு தெரு உள்ளே தள்ளி, கல்லுக்குக் கல் அலைந்து இன்னொன்று கட்டி எழுப்பியிருந்தார். அதைப் பூட்டிவிட்டுக் கொழும்பில் ஒரு வாடகை அறைக்கு வா என்று அவளிடம் சொல்ல ஜெஸ்மீருக்கு வாய் வரவில்லை.

புண்ணியமூர்த்தி பேனையை மேசையில் தட்டிக்கொண்டே யோசித்தார். "ஒரு மாசம் பாப்பம் தம்பி. உம்மட வாடிக்கையாளர் ஒருத்தர் முறையிட்டாலும், நீர் அடுத்த பஸ்ஸில இங்க வந்திரவேணும்."

ஜெஸ்மீருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கொழும்பில் பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கிப் போய்ச் சேருவதற்குள் பாதி உயிர் போய்விடும். மிச்சப் பாதியைக் கம்பனி எடுத்துக்கொள்ளும். இங்கே சுபஹு தொழுதுவிட்டு, ஒரு தேத்தண்ணீரோடு மூலை அறையில் உட்கார்ந்தால் கடற்காற்று ஜன்னல் வழியாக வந்து போகும். அங்கே மாலை வரை இழுபடுகிற வேலை இங்கே நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னமே முடிந்தது. முடித்த பிறகும் அவனுக்கு இன்னும் வேலை வேண்டும்போல் இருந்தது. அப்படியொரு ஆசை தனக்குள் இருக்கிறதென்று அவனுக்கே அதுவரை தெரியாது.

ஒரு நாள் ஹஸ்மியாவைப் பக்கத்தில் இருத்தி மாத்தளையில் ஒரு கடையின் கணினிக்குள் நுழைந்து காட்டினான்.

"இஞ்ச அசைச்சா அங்க அசையுதா மச்சான்?"

"ஓம்."

"அங்க உள்ள ஆக்கள் ஜின் எண்டு ஓடமாட்டாங்களா?"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு குசினி வரைக்கும் கேட்டது. குசினியில் சமைத்துக்கொண்டிருந்த சுஹறாவுக்கு, அதாவது அவனுடைய மாமிக்கு, உள்ளூரச் சந்தோஷம். ஆனால் அவள் வந்து என்னவென்று கேட்கமாட்டாள். மருமகனுக்கு முன்னால் மாமி வருவதும் இல்லை, முகம் பார்த்துக் கதைப்பதும் இல்லை. அது எங்கள் பக்கத்து மரியாதை. அவளுடைய பாசமெல்லாம் ஹஸ்மியாவின் கையில் சோறும் கறியுமாகப் பீங்கான் பீங்கானாக அறைக்குள் வந்தது. ஜெஸ்மீரின் காற்சட்டை இறுகத் தொடங்கியது.

எல்லாம் நன்றாகத்தான் போனது, ஊர் வாயைத் திறக்கும் வரை.

அந்தத் தெருவில் உழைக்கிற ஆம்பிளை பகலில் வீட்டில் இருப்பதில்லை. கடலில் இருப்பான், வயலில் இருப்பான், கடையில் இருப்பான், இல்லாவிட்டால் கட்டாரில் இருப்பான். பகலில் வீட்டில் இருப்பவன் நோயாளி, அல்லது வேலை போனவன். பக்கத்து வீட்டு றபீக்கா முதலில், "மாப்பிள்ளைக்கு மேலுக்குச் சுகமில்லையா?" என்று வேலிக்கு மேலால் கேட்டாள். அடுத்த கிழமை கேட்கவும் இல்லை. கொழும்பில் மாப்பிள்ளையை வேலையால் நிற்பாட்டிவிட்டார்களாம் என்று தானே தெருவுக்குச் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த கச்சிமுகம்மது தொப்பியைக் கழற்றாமலே அறை வாசலில் நின்றார். "மருமகன், நெல்லாலைல கணக்கெழுத ஆள் தேவையாம். நாளைக்கி ஒங்கள வரச் சொல்லிரிக்கன்."

"மாமா, எனக்கு வேலை இரிக்கி. இந்தா, இதுதான் வேலை."

"ஓம் மகன், ஓம்" என்றார் அவர், காய்ச்சல்காரனிடம் சொல்வதுபோல.

அந்த இரண்டு 'ஓம்' அவனை அறுத்துப் போட்டது. கொழும்பில் ஒரு கடையைச் சீராக்கினால் பக்கத்து மேசைக்காரன் முதுகில் தட்டுவான். இங்கே அவன் வேலை செய்கிறான் என்பதற்குச் சாட்சி, திரையில் அவன் பெயருக்குப் பக்கத்தில் எரியும் ஒரு பச்சைப் புள்ளி மட்டும்தான். பச்சைப் புள்ளி வேலிக்குப் போய் றபீக்காவிடம் கதைக்குமா? வேலை கசந்தது. தொலைபேசி அடித்தால் எடுக்கக் கை சுணங்கியது.

யோசனை சொன்னவள் ஹஸ்மியா. மறுநாள் காலையில் ஜெஸ்மீர் மடிப்புக் கலையாத சேர்ட்டும் சப்பாத்துமாக, தோளில் பையுடன் முன்கேற்றைத் திறந்து, றபீக்காவுக்குக் கேட்கும்படியாக ஒரு சலாம் சொல்லிவிட்டு நடந்தான். பள்ளிவாசலைச் சுற்றி, பின் ஒழுங்கையால் வந்து, வேலிப் பொட்டு ஓட்டைக்குள் குனிந்து குசினி வழியாகத் தன் அறைக்குள் புகுந்தான். மாலையில் அதே வழியாக வெளியேறி, முன்கேற்றால் களைத்தவன்போல வீடு திரும்பினான்.

ஊர் நம்பியது. மாப்பிள்ளைக்கு எங்கேயோ ஆபீஸில் கந்தோர் வேலை கிடைத்துவிட்டதாம். கச்சிமுகம்மது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். பாவம் சுஹறாதான். தினமும் காலையில் சப்பாத்துச் சத்தம் கேட்டதும், கையில் அகப்பையோடு முக்காட்டை இழுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டியிருந்தது. அவனும் தலையைக் குனிந்துகொண்டு அடுப்பைக் கடந்து ஓடுவான். ஒருநாள் பால் பொங்கி வழிந்தே போனது.

ஆனால் பொய்க்குக் கால் முளைத்தால் அது நாம் நினைத்த பக்கம் நடப்பதில்லை. வீட்டில் ஆம்பிளை இல்லை என்று நம்பிய பெண்கள், லுஹருக்குப் பிறகு தாராளமாக வந்து ஹோலில் உட்காரத் தொடங்கினார்கள். வெற்றிலை, கதை, சிரிப்பு. அறைக்குள் இருந்த ஜெஸ்மீர் வாடிக்கையாளர்களோடு களவு எடுக்க வந்தவன்போலக் குசுகுசுத்தான்.

புண்ணியமூர்த்தி கொடுத்த ஒரு மாதத் தவணை முடிகிற நாள் வந்தது. கண்டியில் ஒரு மொத்த மருந்துக்கடை. பில் ஒவ்வொன்றும் இரண்டு இரண்டாக ஏறுகிறது, அச்சடிக்க மறுக்கிறது, கடை வாசலில் சனம் முட்டி நிற்கிறது. முதலாளி ஹாஜியார் அந்த இரைச்சலுக்குள் நின்று கத்தினார்.

"ஹாஜியார், பின்னுக்குள்ள மெஷின நிப்பாட்டுங்க" என்று ஜெஸ்மீர் குசுகுசுத்தான்.

"கேக்குதில்ல தம்பி."

"பின்னுக்குள்ள மெஷின்…"

"ஒண்ணும் கேக்குதில்ல. நான் கொழும்புக்குப் போன் எடுத்துச் சொல்லப் போறேன்."

சொன்னால் அடுத்த பஸ். ஹஸ்மியாவை விட்டு, மறுபடி மிதிபலகை. சத்தம் போட்டால், மாமாவும் மாமியும் தெருவுக்கு முன்னால் பொய்யர்கள். கட்டி எழுப்பிய வீட்டில் தலைகுனிந்து நிற்பார்கள். ஜெஸ்மீர் தொலைபேசியைக் கையால் பொத்தினான். கதவோரம் நின்ற ஹஸ்மியா உதட்டைக் கடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

ஹோலில் சிரிப்பு திடீரென்று நின்றது.

"புள்ளையள், கொஞ்சம் வாயப் பொத்துங்க. உள்ள மருமகன் வேலை செய்யிறாரு." அது சுஹறாவின் குரல்.

"காலைல கந்தோருக்குப் போனாரே" என்றாள் றபீக்கா.

"போனாரு. போய் எண்ட குசினியால திரும்பி வந்தாரு. ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான். ஒங்கட வாய்க்குப் பயந்து."

பிறகு காலடிச் சத்தம் அறைப் பக்கம் வந்தது. அறை வாசலில் தொங்கிய சீலைத் திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. "மகன், நீங்க சத்தமாக் கதைங்க. இது ஒங்கட ஊடு."

கல்யாணம் முடித்த நாளிலிருந்து அந்தக் குரல் அவனைப் பார்த்து ஒரு சொல் சொன்னதில்லை. ஜெஸ்மீர் தொலைபேசியைப் பொத்திய கையை எடுத்து, வீடு அதிர ஒரு சத்தம் போட்டான்.

"ஹாஜியார், பின்னுக்குள்ள மெஷின நிப்பாட்டுங்க. ஒரே பில்ல ரெண்டு பேர் திறந்து வெச்சிரிக்காங்க. நிப்பாட்டியாச்சா? இனிக் கைய எடுங்க, நான் பாத்துக்கிறன்."

அவன் விரல்கள் ஓடின. கண்டிக் கடையின் திரையில் அம்புக்குறி ஓடியது. கொஞ்ச நேரத்தில் தொலைபேசிக்குள் அச்சு இயந்திரம் கரகரவென்று கத்தத் தொடங்கியது.

"மாஷா அல்லாஹ், ஓடுது தம்பி" என்றார் ஹாஜியார்.

பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் புண்ணியமூர்த்தி போன் எடுத்தார். "கண்டி ஹாஜியார் கதைச்சவர். பொடியன் சத்தம் போட்டாலும் வேலை தெரிஞ்சவன் எண்டார். முறைப்பாடு ஒண்டும் இல்ல. நீர் இனி அங்கயே இரும்."

ஜெஸ்மீர் துள்ளி எழுந்த வேகத்தில் கதிரை விழுந்தது. சிரித்துக்கொண்டே வாசல் திரையை விலக்கினான். பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு கலைந்தார்கள், சுஹறா குசினிக்குள் மறைந்துவிட்டாள். றபீக்கா மட்டும் போகவில்லை. அவள் வேலிக்கு மேலால் கேட்கும் குரலில் இப்போது கதைக்கவில்லை.

"மகன், எண்ட மூத்தவன் கட்டாருல ஒரு கம்பனில கொம்பியூட்டர்லதான் கணக்குப் போடுறான். நீங்க செய்யிற மாதிரித்தானே அதும்?"

"ஓம் சாச்சி. கிட்டத்தட்ட இதேதான்."

"அவன்ட புள்ள இன்னும் அவன நேர்ல கண்டதில்ல." அவள் அறைக்குள் எட்டி, மேசையையும் கணினியையும் ஜன்னலையும் பார்த்தாள். "அப்ப அவன் ஏன் மகன் அங்க இரிக்கான்?"

ஜெஸ்மீர், விழுந்த கதிரையை நிமிர்த்தி, அவளை அதில் இருக்கச் சொன்னான்.

"அவர்ட நம்பரச் சொல்லுங்க சாச்சி, இஞ்ச இருந்து செய்யேலுமா எண்டு கேப்பம்" என்றான்.

றபீக்கா எழுதப் படிக்கத் தெரியாதவள். நம்பரை மனப்பாடமாகச் சொன்னாள்.