மாறி ஏறிய பற்றறி

மின்சாரம் அறுந்து இரண்டு மாதமாகியிருந்தது. உட்துறைமுகப் பக்கத்தில் றேடியோ கேட்க வேண்டுமென்றால், மோட்டார்சைக்கிள் பற்றறியைத் தூக்கிக்கொண்டு கனகரத்தினத்திடம்தான் போகவேண்டும். அவரிடம் மண்ணெண்ணெயில் ஓடும் சார்ஜ் என்ஜின் ஒன்று இருந்தது. யாரையும் நம்பாத மனிசன். அந்த என்ஜினில் இன்னொருவர் விரல் படவும் விடமாட்டார்.

அன்று காலை ஆமினா உம்மா பற்றறியைப் பையோடு மேசையில் வைத்தார்.

"அண்ணன், நேத்து நீங்க தந்தத மாட்டினதும் றேடியோ புகைஞ்சி போச்சு."

"மாத்தி மாட்டியிருப்பியள்."

"இல்ல. கூட்டல் அடையாளம் இருக்கிற பக்கத்துக்குத்தான் சிவப்பு வயர் குடுத்தன்."

கனகரத்தினம் ஒரு சின்னப் பல்பை எடுத்துத் தொடுத்தார். பளிச்சென்று எரிந்தது.

"பாருங்கோ. பற்றறியில ஒரு பிழையுமில்ல." கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அதனால் வாய் இன்னும் கொஞ்சம் நீண்டது. "உங்கட சனத்துக்கு எல்லாத்திலயும் எதிர்ப்பக்கம்தானே பிடிக்கும்."

யாரோ சிரித்தார்கள். உம்மா சிரித்தவரைப் பார்க்கவில்லை.

"என்ட மகள் ஜெமீலா குவைத்தில நிக்கிறா. அங்க சண்டை துவங்கி மூணு கிழமை. தப்பி வந்த ஆக்கள்ற பேர் றேடியோவில வாசிக்கிறாங்க எண்டுதான் இதத் தூக்கிட்டு வந்தன். என்ட சனத்தப் பத்திக் கேக்க வரல்ல."

பற்றறியை விட்டுவிட்டே போய்விட்டார்.

வரிசையில் நின்ற ஆனந்தராசா மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "அண்ணை, பல்பு எப்பிடிக் குடுத்தாலும் எரியும். அதை வச்சுப் பக்கம் சொல்ல ஏலாது."

"எனக்குப் படிப்பிக்கப் போறியளோ?"

அவர் வாயை அடைக்கத்தான் கனகரத்தினம் கோப்பையில் உப்புத் தண்ணீர் கரைத்தார். வெள்ளைக்காரன் காலத்தில் நேவி யார்ட்டில் கூலியாக நின்றபோது கண்டு பழகிய வித்தை. இரண்டு வயரையும் தண்ணீரில் விட்டால் கழித்தல் பக்கத்து வயரில்தான் நுரை கூடுதலாக எழும்ப வேண்டும்.

கூட்டல் பக்கத்து வயர் கொதித்தது. தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரைத்தார். அதே பக்கம்தான் கொதித்தது.

"துருவம் மாறிப் போச்சு," என்றார் மாஸ்டர். "அடியோட செத்த பற்றறிக்கு நாங்கள் எப்பிடிக் குடுக்கிறமோ அப்பிடித்தான் ஏறும். ஈயத்தில என்ன பொறிச்சிருந்தாலும் அது பார்க்காது. சனம் இரண்டு துருவமாப் போச்சு எண்டு பேப்பரிலயும் எழுதுறாங்கள்தானே, அதுவும்..."

"சனத்தை விடுங்கோ, மாஸ்டர்."

சார்ஜ் என்ஜினுக்குச் சிவப்பு வயர் கிடைக்காமல் இரண்டுக்கும் கறுப்பே போட்டு, கூட்டல் வயரில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். முந்தாநாள் அந்த வயர் அறுந்தது. ஊரடங்கு போடமுதல் முடிக்கும் அவசரத்தில் ஒட்டிவிட்டு முடிச்சை மற்ற வயரில் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு ஏற்றியது உம்மாவின் பற்றறி ஒன்றைத்தான். வேறு ஒருவர் தலையில் போடலாமென்றால், என்ஜினைத் தொட்டவர் வேறு யாருமில்லை.

கடையைப் பூட்டினார். தன் வீட்டு றேடியோவையும் நல்ல பற்றறி ஒன்றையும் சைக்கிளில் கட்டினார். ஊரில் ஆனி மாதம் சண்டை தொடங்கிய பிறகு, முஸ்லிம்கள் இருக்கும் சோனகத் தெருவுக்குள் அவர் போனதேயில்லை. இருபுறமும் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் அவரைக் கண்டதும் நிறுத்தினார்கள்.

உம்மா கதவைப் பாதிதான் திறந்தார்.

"பிழை என்னில," என்றார் கனகரத்தினம். "நான்தான் மாத்திக் குடுத்தனான்."

"பற்றறியச் சொல்றீங்களா, காலையில கதைச்சதச் சொல்றீங்களா?"

பற்றறி என்று சொல்லத்தான் வாய் வந்தது. சைக்கிள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். "இரண்டும்தான்."

"ராத்திரி பேர் வாசிச்சாங்களாம். அடுத்த வீட்டு ஸாலிஹாட றேடியோ இரைச்சலாம். ஜெமீலா எண்டு ஒரு பேர் வந்ததாம். எந்த ஊரெண்டு விளங்கல்லயாம்."

கனகரத்தினம் சைக்கிளில் கட்டியதை அவிழ்த்தார். றேடியோவை உள்ளே வைத்து, குந்தியிருந்து வயரைப் பிரித்தார். நாற்பது வருடம் செய்த வேலை. இப்போது எந்த வயர் எந்தப் பக்கம் என்று கை தயங்கி நின்றது.

"விடுங்க, அண்ணன்," என்று உம்மா வயரை அவர் கையிலிருந்து வாங்கினார். "நான் குடுக்கிறன்."

சரியாகத்தான் குடுத்தார். றேடியோவில் ஏதோ விளம்பரம் போனது. உம்மா அதன் முன்னால் உட்கார்ந்தார். கனகரத்தினத்தை அவர் இருக்கச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை.