முழங்காலில் எடுத்த நீர்

எனக்குக் கோபம் வந்தால் எதிரே யார் என்று பார்க்க மாட்டேன். அன்றைக்கும் அப்படித்தான்.

மதியம் சாப்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரி லேபுக்குள் நுழைந்தால் மேசைமேல் அந்தக் குழாய். ஒரு நோயாளியின் முழங்காலிலிருந்து எடுத்த நீர். நல்ல மூட்டு நீர் என்றால் குழாய்க்குப் பின்னால் பேப்பரை வைத்து எழுத்தைப் படிக்கலாம். இதுவோ அரிசி கழுவிய தண்ணீராகக் கலங்கிக் கிடந்தது.

"பாத்தாச்சுக்கா. ஊசி ஊசியா கிரிஸ்டல். கவுட்டுன்னு வார்டுக்குச் சொல்லிட்டேன்," என்றாள் என்னோடு வேலை பார்ப்பவள். வேகத்துக்காக அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். கவுட் என்பது யூரிக் அமிலம் மூட்டில் ஊசிப் படிகங்களாகப் படிந்து வரும் வாதம்; கிருமியால் வருவதில்லை.

"கிருமி இருக்கான்னு பாத்தியா?"

"அது நாலு மணிக்கு மத்ததோட சேத்து..."

"கிரிஸ்டல் இருந்தா கிருமி இருக்கக் கூடாதுன்னு சட்டமா? ரெண்டும் ஒரே முட்டியில குடித்தனம் பண்ணும்டி!"

அவள் சுவரைக் காட்டினாள். 'கிரிஸ்டல் தெரிந்தால் உடனே வார்டுக்குச் சொல்லவும். மற்ற சோதனைகள் நான்கு மணிக்கு.' என் கையெழுத்து. ரிப்போர்ட் தாமதம் என்று டாக்டர்கள் கத்தியதற்காகப் போன வருஷம் நானே எழுதி ஒட்டியது. எரிச்சலில் தாளைக் கிழித்துக் குப்பையில் எறிந்தேன்.

அந்த நீருக்குச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கொத்துக் கொத்தாக ஊதா நிறக் கிருமிகள். சில நாளிலேயே மூட்டைத் தின்று தீர்க்கிற ரகம். வார்டில் யாரும் போனை எடுக்கவில்லை. மூன்று மாடி ஏறி ஓடினேன்.

வார்டு வாசலில் டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஸ்டீராய்டு போட்டுட்டீங்களா?"

"இப்பதான். கவுட்டுன்னு உங்க லேப்ல தானே சொன்னாங்க?"

"கலங்கின தண்ணிய உங்க கையாலதானே எடுத்தீங்க? உங்களுக்குச் சந்தேகமே வரலையா சார்? உள்ள கிருமி கொட்டிக் கிடக்கு!"

அவர் முகம் வெளுத்துவிட்டது. ஸ்டீராய்டு கவுட் வலியைக் குறைக்கும், ஆனால் உடம்பின் எதிர்ப்பை அடக்கிவிடும். அதற்கப்புறம் கிருமி வைத்ததுதான் சட்டம். ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்ல ஓடினார்.

நான் உள்ளே கட்டிலருகே போனேன். படுத்திருந்தவள் ஒரு தையல்காரி. மிதி மெஷினை ஓட்டுகிற கால்தான் வீங்கியிருந்தது. என் லேப் கோட்டைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லேபாம்மா நீங்க? நல்லா இருப்பீங்க. நாலு நாளா உயிர் போச்சு. ஊசி போட்டதும் வலி பறந்துடுச்சு, பாருங்க!" காலை மடக்கி நீட்டிக் காட்டினாள். ஊசியில் மரத்துப்போகச் செய்கிற மருந்தும் கலந்திருந்ததை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

"காலை ஆட்டாதீங்கக்கா."

"ஏன்? நாளைக்கு மெஷின்ல உக்காரலாமில்ல?"

டாக்டர் வந்து சொல்லட்டும் என்று நழுவியிருக்கலாம். என்மேலேயே வந்த ஆத்திரம் விடவில்லை.

"முடியாதுக்கா. உள்ள கிருமி இருக்கு. உடனே முட்டியைத் திறந்து கழுவணும். அந்த ஊசியே போட்டிருக்கக் கூடாது."

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "கிருமி இருக்கான்னு பாக்காமலா போட்டாங்க?"

"ஆமா."

"யாரு அப்படிப் பண்ணச் சொன்னது?"

"நான்."

பிடித்திருந்த என் கையை உதறினாள்.