ஏழரை கிலோமீட்டர்

இணையத் தேர்வுத் தளம் மாலை ஆறு மணிக்கு மூடும். ஐந்தே கால் ஆகியிருந்தது.

என் விடைக்கு நூற்றுக்கு நாற்பது. கணினி நிரல் எழுதும் வகுப்பில் இலவச இடம் கிடைக்க நூறு வேண்டும். கிடைக்காவிட்டால் இன்றிரவு எட்டு மணிப் பேருந்தில் அக்காவோடு ஜெர்மனிக்குப் போக வேண்டும், ஆப்பிள் பறிக்க. மகள் யோவா மாமியாரிடம் இருப்பாள். போன வருடமும் அப்படித்தான். திரும்பி வந்தபோது என்னை, வேற்றாளைப் போல, "நீங்க" என்றாள்.

கணக்கு எளிது. ஓட்டக்காரன் ஒருவன் நாள்தோறும் ஓடிய தூரங்கள். பெரியதிலிருந்து சிறியதாக அடுக்க வேண்டும். பத்து கிலோமீட்டரைத் தாண்டிய நாட்களை எண்ண வேண்டும். என் கணினியில் சரியாக வந்தது. தளத்தில் தப்பு. அடுக்கும் பகுதியை மூன்று முறை அழித்து எழுதிவிட்டேன்.

தோத்கா அக்கா பயணப்பையோடு வந்து, என் பின்னால் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதாடி ரய்னா?"

"பேசாம இரு அக்கா."

"நான் எங்க பேசினேன்? விதைதான் பேசுது."

ஐந்தரை.

"எந்திரிச்சுப் பெட்டியைக் கட்டு. கம்பளி சாக்ஸ் எடுத்துக்கோ. அங்க காலையில விறைக்கும்."

அவள் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். தளம் முதல் சோதனையை மட்டும் திறந்து காட்டும்: வர வேண்டிய விடை, பக்கத்தில் நம்முடையது.

"எழுபத்தஞ்சு கிலோமீட்டரா? ஒரே நாள்லயா? இவன் மனுஷனா, வண்டிக் குதிரையா?"

"எங்க எழுபத்தஞ்சு?"

"கண்ணாடியப் போடுடி. இதோ."

வர வேண்டியது: 9, 7.5. என்னுடையது: 75, 9. வரிசையையே பார்த்துக்கொண்டிருந்த நான் எண்ணைப் பார்க்கவில்லை.

எங்கள் நாட்டில் ஏழரையை 7,5 என்று எழுதுவோம். எங்கள் கணினிகளும் அப்படித்தான். கேள்வியில் புள்ளி இருந்தது. அதைக் கண்டதும் என் கணினி முரண்டு பிடித்தது. அதனால் மதியம் ஒரு வரி சேர்த்திருந்தேன்: புள்ளியைக் காற்புள்ளியாக மாற்று. ஆனால் தளத்தின் கணினிக்குக் காற்புள்ளி என்றால் ஆயிரங்களைப் பிரிக்கும் குறி. அதைத் தாண்டி 75 என்று படித்துவிட்டது. முழு எண்கள் மட்டுமே இருந்த சோதனைகள் பிழைத்தன. அதுதான் அந்த நாற்பது.

வரியை அழித்தேன். இனி என் கணினியில் இது ஓடாது, சரிபார்க்க வழியில்லை. அப்படியே அனுப்பினேன்.

தளத்தில் கடைசி நேர நெரிசல். திரையில் சக்கரம் சுற்றியது. ஐந்து ஐம்பது ஆனது. அக்கா கொறிப்பதை நிறுத்திவிட்டாள். பக்கத்தைப் புதுப்பிக்கலாமா என்று விரல் துடித்தது. புதுப்பித்தால் காத்திருப்பு வரிசையில் இடம் போகுமோ என்னவோ. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

சக்கரம் நின்றது.

"என்னடி?"

"நூறு."

"அப்ப நீ வரல."

"வரல அக்கா."

அவள் மடியிலிருந்த விதைத் தோல்களை உள்ளங்கையில் கூட்டினாள். அவளுக்கு ஜெர்மன் தெரியாது. போன முறை தோட்ட முதலாளியிடமும் மருந்துக்கடையிலும் அவளுக்காகப் பேசியது நான்தான்.

"நல்லதுதான். யோவாவுக்கு நல்லது" என்றாள்.

பையைத் தூக்கினாள். வாசலில் நின்றாள்.

"உடம்பு முடியலன்னு அங்க எப்படிச் சொல்லணும்?"

சொன்னேன். அவள் உதட்டை அசைத்துப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள். "மெதுவா."