பத்து மணி வெயில்

காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போகிற வழியில் பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் ஜினேந்திரனுக்கு ஒரு பெருமை உண்டு. மேப்பை விரித்துக்கொண்டு திருதிருவென்று விழிக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கெல்லாம் அவர்தான் வழிகாட்டி. "ஸ்ட்ரெயிட், லெப்ட், டெம்பிள்" என்று கையை வீசுவார். அவர்கள் போனதும், "இவ்ளோ பெரிய கோபுரம் கண்ணுக்குத் தெரியல. இதுங்க எப்படித்தான் ஊர் சுத்துதுங்களோ" என்று சிரிப்பார்.

ஜூன் மாதம் அவரும் மனைவி அமுதாவும் கோபன்ஹேகனுக்குப் போனார்கள். மகன் வர்த்தமானுக்கு அங்கேதான் வேலை. போன சில நாளில், இருவரும் தனியாக ஊர் சுற்ற வேண்டி வந்தது. வர்த்தமானுக்கு லீவு கிடைக்கவில்லை.

"போன்ல ரூட் போட்டுத் தரேன்பா. அது சொல்ற மாதிரியே போங்க."

"ஊருக்கே வழி சொல்றவன்டா நானு. எனக்குப் போன் வழி சொல்லணுமா?"

வர்த்தமான் அம்மாவைப் பார்த்தான். அமுதா ஐயம்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தப்பான விடையைக்கூடக் கடைசி வரி வரை எழுதவிட்டுப் பார்க்கும் பொறுமை உண்டு.

"நீ கெளம்புபா. அப்பா சொல்ற வழியிலதான் போவப் போறேன். எங்க போய் நிக்கிதுன்னு எனக்கும் தெரியணும் இல்ல?" என்றார்.

பார்க்க வேண்டிய முதல் இடம் நைஹாவன். கலர் கலர் வீடுகள் நிற்கும் கால்வாய்க்கரை. மெட்ரோ ரயிலில் டிரைவர் கிடையாது. ஜினேந்திரன் முன் கண்ணாடியை ஒட்டிய சீட்டில், தானே ஓட்டுகிறவர்போல உட்கார்ந்துகொண்டார். ரயிலில் எழுதியிருந்த பெயர் 'லுஃப்ட்ஹாவன்'.

"அதுவும் ஹாவன், இதுவும் ஹாவன். ஹாவன்னா துறைமுகம். நேரா போயிடலாம்."

ரயில் நேராகத்தான் போனது. கடைசி ஸ்டேஷனில் இறங்கினால், எல்லோரும் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். தலைக்கு மேலே ஒரு விமானம் ஏறிப் போனது.

அமுதா நாலு பக்கமும் பார்த்தார். "ஏங்க, என்னிய ஊருக்குத் திருப்பி அனுப்பறீங்களா? சொல்லியிருந்தா துணியாவது மடிச்சு எடுத்துக்கினு வந்திருப்பேனே."

"ஏர்போர்ட்டையும் ஒரு தடவ நல்லா பாக்கணும் இல்லமா" என்றார் ஜினேந்திரன். குரலில் சுருதி இறங்கியிருந்தது. அமுதா போனை எடுத்தார். அதற்குப் பிறகு வழி சொன்னது அவர்தான்.

கால்வாய்க்கரையைப் பார்த்துவிட்டு அருகிலிருந்த மியூசியத்துக்குப் போனார்கள். அங்கே முக்கால்வாசியும் நாற்காலிகள். மர நாற்காலி, தோல் நாற்காலி, முட்டையைப் பாதியாக வெட்டியதுபோல ஒன்று. அரை மணி நேரத்தில் ஜினேந்திரனின் முழங்கால் கெஞ்ச ஆரம்பித்தது.

"இவ்ளோ நாற்காலி இருக்குது. உக்கார ஒண்ணு இல்ல, பாரு."

சொல்லிக்கொண்டே ஓர் ஓரத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். 'கீங்' என்று அலாரம் அடித்தது. ஆறடிக்குக் குறையாத ஒரு காவல்காரப் பெண்மணி வேகமாக வந்தாள். ஜினேந்திரன் துள்ளி எழுந்து, பெயர் கேட்டாளா ஊர் கேட்டாளா என்று புரியாமல், "சாரி, காஞ்சிபுரம்" என்றார்.

அவள் கோபப்படவில்லை. உள்ளே போய் ஒரு மடக்கு ஸ்டூலைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அமுதா தூணுக்குப் பின்னால் போய், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து ஜினேந்திரன் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அதனால் மானம் போனது அவ்வளவாக வலிக்கவில்லை.

ஸ்டூலோடு உலாவிய அவரிடம் ஒரு வயதான தம்பதி, அது எங்கே கிடைக்கும் என்று சைகையில் கேட்டார்கள். ஜினேந்திரனுக்கு உயிர் வந்தது. "ஸ்ட்ரெயிட், லெப்ட்" என்று கையை வீசினார். போனவர்கள் சிறிது நேரத்தில் சிரித்துக்கொண்டே திரும்பினார்கள். அங்கே இருந்தது கழிப்பறை.

மணி ஆறு நெருங்கியதும் கால்வாய்க்கரையிலேயே சாப்பிட உட்கார்ந்தார்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை என்பது அவர்கள் சமணக் குடும்பத்து நோன்பு. ஊரில் கடையை ஆள் பார்த்துக்கொள்ள, ஜினேந்திரன் ஆறு மணிக்குள் வீட்டில் தட்டின் முன் இருப்பார். இங்கேயும் இத்தனை நாளாக அதே நேரத்துக்குச் சாப்பிட்டு, வெளிச்சம் தெரியாமல் திரையை இழுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முட்டை, மீன் எதுவும் வேண்டாம் என்று நாலு தடவை சொல்லி, சீஸும் தக்காளியும் வைத்த ரொட்டி வாங்கிச் சாப்பிட்டார்கள்.

எட்டு மணிக்கும் அங்கேயே இருந்தார்கள். பக்கத்தில் பச்சைப் பட்டாணிக் காயைப் பையில் போட்டு விற்றார்கள். சனங்கள் படியில் உட்கார்ந்து உரித்துத் தின்றார்கள்.

"ஏங்க, வெயில் இன்னும் அடிக்கிது."

"அடிக்கட்டும். அதுக்கின்னா?"

"பொழுது சாயற வரைக்கும் சாப்பிடலாம்தானே?"

ஜினேந்திரன் சூரியனைப் பார்த்தார். பிறகு பட்டாணியைப் பார்த்தார். "ஆறு மணின்னு யாரும் சொல்லல" என்றார் மெதுவாக. "பொழுதுதான் கணக்கு."

பட்டாணி வந்தது. பிறகு ஸ்ட்ராபெரி வந்தது. இன்னொரு தட்டு ரொட்டியும் வந்தது.

"அமுதா, நம்ம ஊர்ல ஒம்பது மணி வாக்குல உனக்குப் பசிக்குமா?"

"தினம் பசிக்கும்."

"ஒரு நாளும் சொன்னதில்லியே?"

"நீங்க பேசாம இருந்தீங்க. நான் மட்டும் சொன்னா கேவலமா இருக்குமேன்னு வாய மூடிக்கினு இருந்தேன்."

"நானும் உன்னப் பாத்துத்தாம்மா..."

"தெரியும். தண்ணி குடிக்கறேன்னு எழுந்து போய், ஃபிரிட்ஜத் தெறந்து வச்சுக்கினு தயிர் கிண்ணத்தையே பாத்துக்கினு நிப்பீங்களே."

ஜினேந்திரன் ஒரு ஸ்ட்ராபெரியை அமுதா பக்கம் தள்ளினார். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்துப் பசித்திருந்திருக்கிறார்கள்.

ஒன்பதரைக்கு வர்த்தமான் போன் செய்தான். "எங்கப்பா இருக்கீங்க?"

"சாப்டுக்கினு இருக்கோம்."

"இந்நேரத்துலயா? நீங்களா?"

"பொழுது இன்னும் போவலடா. நீயும் வா."

அவன் சைக்கிளில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். வெயில் மஞ்சளாகிக் கூரைகளில் ஏறியிருந்தது. ஜினேந்திரன் கைகளைத் துடைத்துக்கொண்டு, "நல்ல ஊருடா இது. இங்கியே இருந்துடலாம்போல" என்றார்.

"டிசம்பர்ல வந்து பாருங்கப்பா. மூணரைக்கே பொழுது போயிடும்."

அமுதா மனக்கணக்குப் போட்டார். "மூணரைக்கு ராத்திரிச் சாப்பாடா? அப்ப நீ ஆபீஸ்லதான இருப்ப?"

வர்த்தமான் கால்வாயில் போன படகைக் காட்டினான். "அது எவ்ளோ அழகா போவுது பாருங்கம்மா."

"படகு கெடக்குது. டிசம்பர்ல நீ எத்தன மணிக்குச் சாப்டுற?" என்றார் அமுதா.